முன்சுழல், கவிழ்தடுப்பு: புளொக்குக்கு ஒரு தமிழ்ச் சொல்

வணக்கம் அண்ணே. மேசைப்பந்துல வர்ற டொப்ஸ்பின்னுக்கு தமிழ்ல மேற்சுழல்னு வைக்கலாம்னு நீங்க எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல மனசு ஒட்டல. இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்களுக்கு பின்னேரத்துல மேசைப்பந்து பழக்குறேன், மேற்சுழல்னா பந்து மேல எழும்பும்னு அவங்க நெனைக்கிறாங்க. நடக்குறது நேர்மாறு. பந்தோட மேல்பக்கம் முன்னுக்கு உருளுறதால காத்து அதை கீழ அமுக்கும், பந்து வளைஞ்சு மேசையில விழுந்து தாழ்வா முன்னால பாயும். ரோட்டுல உருளுற டயர் மாதிரி போற பக்கமாவே சுத்துது, அதனால முன்சுழல். எதிர்ப்பக்கமா சுத்துற பெக்ஸ்பின்னுக்கு பின்சுழல்னு ஜோடியும் அமைஞ்சிருது.

எனக்கு இதைவிட முக்கியம் புளொக், அதாவது எதிராளி அடிச்ச முன்சுழல் பந்தை வீசி அடிக்காம மறிச்சுத் திருப்புறது. அதுக்கு வெறும் தடுப்புன்னு போட்டா புள்ளைங்க கை தப்பாப் பழகிரும். போன மாசம் ஒரு பொடியன், பத்து வயசு இருக்கும், நான் "தடு"ன்னு கத்துனதும் பெட்டை, அதான் மட்டையை, சுவரு மாதிரி நிமித்திப் பிடிச்சான், முன்சுழல் மட்டையில ஒட்டியிருக்கிற இறப்பரைக் கவ்வுனதுல பந்து நெட்டுக்கு மேல இல்ல, கூரைத் தகரத்துக்கே போயிருச்சு. மூணு தடவை அப்படியே. பெறகு "பெட்டைக் கவுத்துப் பிடிடா, பந்து தரையில பட்டு எழும்புற மாதிரி மேசையில பட்டு எழும்பும்ல, அது உச்சிக்கு வர முன்னமே தொடு, கையை இறுக்காத, வீசவும் செய்யாத"ன்னேன், அடுத்த பந்து நெட்டை ஒட்டி போய் விழுந்துச்சு. அவன் முகத்தைப் பாக்கணுமே!

அதுனாலதான் கவிழ்தடுப்புன்னு கேக்குறேன். சாய்தடுப்பு நல்லாருக்குன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், ஆனா சாய்க்கிறதுன்னா எந்தப் பக்கம்? முன்னுக்கும் சாய்க்கலாம், பின்னுக்கும் சாய்க்கலாம். கவிழ்னா பெட்டோட முகம் கீழ பாக்கணும்னு திசை சொல்லுக்குள்ளயே இருக்கு. சிலருக்கு கவிழ்னா படகு கவிழுற ஞாபகம் வருதாம், நம்ம வீட்டுல கழுவுன சட்டியை தெனமும் கவுத்துத்தானே வைக்கிறோம், அதுல என்ன கெட்ட சகுனம்? இதுக்கு எதிர்ப்பதமும் கைவசம் இருக்கு. பின்சுழல் பந்தை பெட்டை மல்லாத்தி தள்ளுறோமே, அந்தப் புஷ்ஷுக்கு மலர்தள்ளல். ரெண்டு சொல்லும் சேந்தா ஒரு புள்ளை பந்தைப் பாத்ததும் பெட் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கும்.

ஒண்ணு சொல்லிர்றேன், எங்க பக்கம் பனிமூட்டம் எறங்குனா இறப்பர் ஈரமாகி பந்து வழுக்கும், சுழல் கவ்வாது, அப்ப ரொம்பக் கவுத்தா பந்து நெட்டுலதான் போய் விழும். ஒவ்வொரு பந்துக்கும் துடைச்சுத்தான் ஆடுறோம்.

மேசையை விட்டு தள்ளி நின்னு பந்தோட அடியை சீவி ஆடுற 'சொப்' அடிக்கு 'வெட்டு' போதும், புள்ளைங்க அப்படித்தான் சொல்றாங்க. முன்சுழலுக்கு முன்சுழலாலயே திருப்பி அடிக்கிறாங்களே, அதுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அகப்படல. எதிர்முன்சுழல் வாய்க்குள்ள நிக்க மாட்டேங்குது. அண்ணே, உங்களுக்கு எதாவது தோணுதா?