‘பான்ஸ் லேபிரிந்த்’: பாதாள உலகம் உண்மையா, பிரமையா?

கேள்வி:
கில்லர்மோ டெல் டோரோ இயக்கி 2006இல் வெளிவந்த இந்த ஸ்பானிய மொழிப் படத்தை, ஏதோ தேவதைக் கதை என்று நம்பிப் பத்து வயது மகளுடன் பார்க்க உட்கார்ந்தேன். முயல் வேட்டைக்குச் சென்ற தந்தையும் மகனும் ராணுவ அதிகாரியான கேப்டன் விடாலிடம் சிக்கும் காட்சியில் அவளை எழுப்பி அனுப்பிவிட்டுத் தனியாகவே பார்த்து முடித்தேன். விடாலின் மனைவியுடைய மகளான சிறுமி ஒஃபீலியாவிடம், நீ பாதாள உலகின் இளவரசி என்று சொல்லிச் சோதனைகள் வைக்கிறான் ஓர் ஆட்டுக்கால் தேவன். கடைசியில் அவளுடன் பேசிக்கொண்டிருக்கும் அவன் விடாலின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படியானால் அவள் கண்டதெல்லாம் பிரமைதானா?

மறுமொழி 1:
படத்தின் முடிவு இங்கே பேசப்படுகிறது, பார்க்காதவர்கள் கடந்துவிடவும். விடால் அப்போது ஒஃபீலியா மதுவில் கலந்த மயக்க மருந்தின் பிடியில் இருக்கிறான் என்பதால், அவன் பார்வையைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. மாறாக, வாசலில் காவலாளி நிற்கப் பூட்டிய அறையில் அடைபட்டிருந்தவள், தேவன் தந்த மாயச் சாக்பீஸால் சுவரில் கதவு வரைந்தல்லவா அவனுடைய அறைக்குள் வருகிறாள்? தேவன் கொடுத்த, பாலில் ஊறிய மாண்ட்ரேக் என்ற மாய வேர் கட்டிலுக்கடியில் இருந்தவரை அவளுடைய நோயுற்ற தாய் தேறியதையும், அது நெருப்பில் விழுந்ததும் அவள் துடித்ததையும் சேர்த்துப் பாருங்கள். அந்த உலகம் உண்மை என்பதே தம் கருத்து என்று இயக்குநரும் கூறியிருக்கிறார்.

மறுமொழி 2:
சான்றுகளை ஏற்கிறேன், ஆனால் இதை வழக்காக நடத்தினால், கதை 1944இல், உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆன சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினில் நடப்பது மறந்துபோகும். ஊராரின் ரேஷனைக் குறைப்பது பற்றிப் பேசியபடி விடால் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் விருந்து மேசையையும், உள்ளங்கையில் கண்களுடைய வெளிறிய மனிதன் தீண்டப்படாத உணவின் முன் அமர்ந்திருக்கும் மேசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய மறுத்து மருத்துவர் உயிர்விடுகிறார். பாதாள வாசலைத் திறக்கக் கேட்கப்பட்ட, கைக்குழந்தையான தம்பியின் ஒரு துளி இரத்தத்தையும் தர மாட்டேன் என்று ஒஃபீலியா தேவனிடமே மறுக்கிறாள். மேலுலகிலும் கீழுலகிலும் சோதனை ஒன்றுதான்.

மறுமொழி 3:
தேவனாகவும் வெளிறிய மனிதனாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் ஒருவரே. அந்த அரக்கனும் தேவனின் வேடம்தானோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. அமெரிக்காவில் இப்படத்துக்கு ‘ஆர்’ சான்றிதழ்தான் (17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையுடன் மட்டுமே பார்க்கலாம்) தரப்பட்டது. மகளை அனுப்பிவிட்டது சரியே.

கேள்வி கேட்டவர்:
மருந்து கலந்த மதுவை மறந்தே போனேன். இன்றிரவு அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பார்க்கிறேன்.