டச் 30 நொடியில் நின்றுவிடுகிறது, எஸ்டி கார்டு தெரியவே இல்லை: டிவைஸ் ட்ரீயில் ரெகுலேட்டர் எழுதியதில் என்ன தவறு?

கேள்வி

புது போர்டு. வன்பொருள் விவரங்களை லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ரெகுலேட்டர்களை (வோல்டேஜ் தரும் பகுதிகள்) எழுதுகிறேன். பிஎம்ஐசியின் (பவர் தரும் சிப்) எல்டிஓ3 ரெகுலேட்டர் (2.8 வோல்ட்) ஜிடி911 டச் கண்ட்ரோலருக்குப் போகிறது. எஸ்டி கார்டுக்கான 3.3 வோல்ட் ஒரு லோட் ஸ்விட்ச் வழியாக வருகிறது. அதன் எனேபிள் பின் ஜிபிஐஓவில் (மென்பொருள் ஹை/லோ ஆக்கும் பின்) இருக்கிறது, ஹை ஆனால் ஆன். பூட் ஆவது இஎம்எம்சியிலிருந்து (போர்டிலேயே உள்ள சேமிப்பு).

லினக்ஸ் வந்ததும் டச் நன்றாக வேலை செய்கிறது. அரை நிமிடத்தில் ஐ2சியில் (டச் சிப்போடு பேசும் பஸ்) பதிலே வருவதில்லை. எல்டிஓ3க்கு 'ரெகுலேட்டர்-பூட்-ஆன்' ஏற்கெனவே இருக்கிறது. 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்' போட்டால் பிரச்சினை போய்விடுகிறது. அப்படியே விடலாமா? மின்/மேக்ஸ் (குறைந்தபட்ச/அதிகபட்ச வோல்டேஜ்) மதிப்புகளை டேட்டாஷீட்டிலிருந்து எடுத்தேன்: 0.9 முதல் 3.5 வோல்ட்.

எஸ்டி கார்டை யு-பூட் (லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்) படிக்கிறது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) படிப்பதில்லை. கெர்னல் வந்தபின் மீட்டரில் 0 வோல்ட். லோட் ஸ்விட்ச்சுக்கான 'ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு' நோடில் (டிவைஸ் ட்ரீ பதிவு) ஜிபிஐஓ வரியின் கடைசி செல் (மதிப்பு) 'ஜிபிஐஓ_ஆக்டிவ்_ஹை'தான். கார்டுக்கு எந்த ரெகுலேட்டர் என்று சொல்லும் 'விஎம்எம்சி-சப்ளை'யும் சரியாகக் கொடுத்திருக்கிறேன்.

பதில் 1

எஸ்டி கார்டு விஷயம் எளிது. ரெகுலேட்டர் நோடில் ஜிபிஐஓ செல்லின் போலாரிட்டியைக் கெர்னல் நம்பாது. 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' என்ற தனி ப்ராப்பர்ட்டி இருந்தால்தான் ஹை. இல்லையென்றால் லோ என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் எம்எம்சி டிரைவர் "ஆன் பண்ணு" என்று கேட்ட அந்த நொடியில் உங்கள் பின் லோவுக்குப் போகிறது, கார்டு அணைகிறது. டிமெசேஜில் (கெர்னல் லாக்) 'என்ஃபோர்ஸ் ஆக்டிவ் லோ' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். பழைய டிவைஸ் ட்ரீகள் உடையக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு இது. எரிச்சல்தான், ஆனால் மாறப்போவதில்லை.

லோட் ஸ்விட்ச்சுக்கு சாஃப்ட்-ஸ்டார்ட் (வோல்டேஜ் மெல்ல ஏறுவது) இருந்தால் 'ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ்' சேர்க்கவும். மதிப்பு மைக்ரோநொடியில். அவுட்புட் 3.3 வோல்ட்டை எட்டும் நேரத்தை ஸ்கோப்பில் அளந்து, கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்.

பதில் 2

டச் பற்றி. 'பூட்-ஆன்' என்பதன் பொருள் "பூட்லோடர் ஏற்கெனவே இதை ஆன் செய்துவிட்டது; இல்லையென்றால் பூட்டின்போது கெர்னல் ஆன் செய்யட்டும்" என்பது மட்டுமே. தொடர்ந்து ஆனில் வைக்கும் உத்தரவாதம் அதில் இல்லை. பூட் முடியும் கட்டத்தில் கெர்னல் 30 நொடி டைமர் ஒன்றைத் தொடங்கும். அது முடிந்ததும் யாரும் கேட்டு வாங்காத ரெகுலேட்டர்களை எல்லாம் அணைத்துவிடும். லாகில் எல்டிஓ3 பெயருக்குப் பக்கத்தில் 'டிஸேபிளிங்' என்று வந்திருக்கும்.

உங்கள் டச் நோடில் சப்ளை வரியே இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் 'யூஸிங் டம்மி ரெகுலேட்டர்' என்றும் லாகில் இருக்கும்: டிரைவர் கேட்டது, கிடைக்கவில்லை, பொம்மை ரெகுலேட்டரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடிக்ஸ் (ஜிடி911 தயாரிப்பாளர்) டிரைவர் கேட்கும் பெயர்கள் 'ஏவிடிடி28-சப்ளை', 'விடிடிஐஓ-சப்ளை'. இரண்டிலும் சப்ளைக்கு முந்தைய பகுதி பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினால் கம்பைல் ஆகும், ஆனால் மறுபடியும் டம்மிதான் கிடைக்கும். ஏவிடிடி28க்கு எல்டிஓ3ஐ இணைத்துவிட்டு 'ஆல்வேஸ்-ஆன்'ஐ எடுத்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் அந்த 0.9–3.5 வோல்ட். உடனே மாற்றுங்கள். அது எல்டிஓவால் என்ன முடியும் என்பது. டிவைஸ் ட்ரீயில் எழுத வேண்டியது உங்கள் போர்டில் அந்த ரெயில் (சப்ளைத் தடம்) என்னவாக இருக்கலாம் என்பது. இப்படி விட்டால் ஏதாவது ஒரு டிரைவர் 3.5 வோல்ட் கேட்டாலும் கெர்னல் தடுக்காது. மின், மேக்ஸ் இரண்டுக்கும் 2800000 (மைக்ரோவோல்ட்) கொடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவாகும்போதே கெர்னல் அந்த வோல்டேஜை அமைத்துவிடும். மாறாக அகல ரேஞ்ச் இருந்து யாரும் கேட்கவில்லை என்றால் பூட்லோடர் விட்டுச் சென்ற மதிப்புதான் நிற்கும்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒன்று. எஸ்டி ரெயிலுக்கும் பயத்தில் 'ஆல்வேஸ்-ஆன்' போட்டுவிடாதீர்கள். யுஎச்எஸ் (எஸ்டி கார்டின் அதிவேக முறை) வேகத்தில் கார்டின் சிக்னல் 1.8 வோல்ட்டுக்கு இறங்கும்; பவர் போய் வந்தால்தான் 3.3க்குத் திரும்பும். ரெயில் அணையாமல் ரீபூட் செய்தால் கார்டு 1.8இலேயே உட்கார்ந்திருக்கும், யு-பூட்டுக்குப் பதில் தராது. "முதல் தடவை சரி, ரீபூட்டில் கார்டு காணோம்" என்று வருவதில் பாதி இந்தக் கதைதான்.

அணைத்தால் மட்டும் போதாது. கார்டின் விடிடி (சப்ளை வோல்டேஜ்) 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தது 1 மில்லிநொடி இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் வசதி இல்லாத லோட் ஸ்விட்ச், பெரிய கெப்பாசிட்டர் என்றால் இறங்கவே நேரம் எடுக்கும். அதற்கு 'ஆஃப்-ஆன்-டிலே-யுஎஸ்' இருக்கிறது. சிக்னல் ரெயில் தனி எல்டிஓ என்றால் அதை 'விக்யூஎம்எம்சி-சப்ளை'யில் கொடுங்கள், ரேஞ்ச் 1800000–3300000. அகல ரேஞ்ச் நியாயமான இடம் இது.

கேட்டவர்

'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' சேர்த்ததும் கார்டு வந்துவிட்டது. டச் நோடில் உண்மையிலேயே சப்ளை வரி இல்லை. சேர்த்தேன், இப்போது நிற்பதில்லை. அப்படியானால் 'ஆல்வேஸ்-ஆன்' எங்கேதான் போடுவது?

பதில் 2

டிஆர்ஏஎம் (நினைவகம்), எஸ்ஓசி (முதன்மைச் சிப்) கோர் போன்ற ரெயில்களுக்கு. டிஆர்ஏஎம்முக்காகக் கேட்டு வாங்க வழக்கமாக எந்த டிரைவரும் இருக்காது. 30ஆவது நொடியில் அதை அணைத்தால் லாக் எழுதக்கூட ஆளிருக்காது. சிபியு ரெயிலுக்கு 'சிபியு-சப்ளை' கொடுத்திருந்தாலும் 'ஆல்வேஸ்-ஆன்' வையுங்கள், சிபியுஃப்ரீக் (சிபியு வேகத்தை மாற்றும்) மாட்யூல் ஏறாத நாளும் வரும். எழுதி முடித்ததும் டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) 'ரெகுலேட்டர்_சம்மரி'யைத் திறந்து, யூஸ் எண்ணிக்கை 0 உள்ள ஒவ்வொரு ரெயிலையும் ஸ்கீமேட்டிக்கோடு ஒப்பிடுங்கள்.