புதுப்பிப்பு: இன்சுலினைக் கூட்டியும் சர்க்கரை குறையாததன் காரணம்

இரவில் போடும் கிளார்ஜின் இன்சுலினை மருத்துவர் 18 யூனிட்டிலிருந்து 26 வரை உயர்த்திய பிறகும் என் தாயாரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-க்குக் கீழே இறங்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் அளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அதிகாலை 3 மணிக்குச் சோதிக்கச் சொன்னதை முதலில் செய்தோம்; மூன்று நாளும் 170-க்கு மேலேயே இருந்ததால், இரவில் தாழ்ந்து பிறகு எகிறுகிறதோ என்ற ஐயம் நீங்கியது. பயன்பட்டது, ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் போட்டதால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தது. அங்கே வலி குறைவு என்பதாலேயே அவர் அந்த இடத்தை விடவில்லை. அத்தகைய தடிப்பிலிருந்து இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது என்று மருத்துவர் விளக்கினார்.

நான் எதிர்பாராத ஒன்று உண்டு. நல்ல இடத்தில் மருந்து முழுமையாகச் சேரும் என்பதால், அளவை 20 யூனிட்டாகக் குறைத்த பிறகே இடத்தை மாற்றச் சொன்னார். அப்படியும் நான்காம் நாள் காலை 66 காட்டி, அவருக்குக் கை நடுங்கியது. 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தோம். அன்றே மருத்துவர் 18 ஆக்கினார். ஆகவே தடிப்பைக் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவையே புதிய இடத்தில் போட்டுவிட வேண்டாம்.

ஆறு வாரமாக 110 முதல் 130 வரை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய ஊசியால், முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுகிறோம். தடிப்பு இன்னும் முழுவதும் கரையவில்லை.