டைட்டில் ஒன் நிதி: பெற்றோர் என்ன கேட்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளி, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுதி என்பதால் டைட்டில் ஒன் எனும் கூட்டரசு நிதியைப் பெறுகிறது. பள்ளிக்கும் பெற்றோருக்குமான ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கியதோடு சரி. நிதியைப் பற்றி எங்களிடம் யாரும் பேசவில்லை. கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

பதில் 1: உறுதியாக உண்டு. 1965-இல் இயற்றப்பட்டு 2015-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இந்நிதியில் 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டம் குறைந்தது 1 விழுக்காட்டைக் குடும்பப் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் பள்ளிகளுக்குச் சேர வேண்டும் என்பதோடு, அதைச் செலவிடும் முடிவுகளிலும் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக் கூட்டமும் கட்டாயம்.

பதில் 2: கூட்டங்களைக் காலை, மாலை எனப் பெற்றோருக்கு வசதியான நேரங்களில் வைக்கவும் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு வந்துபோகும் செலவு, அந்நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஆசிரியர் வீட்டுக்கே வந்து சந்திப்பது ஆகியவற்றுக்கும் இந்நிதியைப் பயன்படுத்தலாம். இரண்டு வேலை பார்க்கும் தாய் பிற்பகல் கூட்டத்துக்கு வரவில்லை என்பதற்காக அவரை அக்கறையற்றவர் என்று முத்திரை குத்துவது பெரும் அநியாயம்.

கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் எதைக் கேட்பது?

பதில் 1: பெற்றோர் பங்கேற்புக் கொள்கையை எழுத்து வடிவில் கேளுங்கள். இயன்றவரை உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தருவது அவர்கள் கடமை.