ரிக்ரஷனுக்குப் பின் நாட்டாய்வு: சரிபார்ப்பா, அலங்காரமா? (புனைபெயரில் மூவர் பேசுகிறார்கள்)

எச்சக்கணக்கு: ஒப்பீட்டு அரசியலில் எண்ணிக்கை ஆய்வையும் நாட்டாய்வையும் (ஒரு நாட்டை ஆழமாகப் படிப்பது) சேர்க்க, அரசியல் அறிஞர் லீபர்மன் 2005-இல் சொன்ன வரிசைதான் இன்னமும் உருப்படியானது. முதலில் எல்லா நாடுகளையும் வைத்து ரிக்ரஷன், அதாவது காரணங்களிலிருந்து விளைவைக் கணிக்கும் ஒரு கோடு. நன்றாகப் பொருந்தினால், கோட்டின்மேல் விழும் நாடுகளுக்குள் போய், காரணம் விளைவாகும் வழி தெரிகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால், விலகி நிற்கும் நாட்டையும் எடுத்து, விட்டுப்போன மாறியை, அதாவது கணக்கில் சேராத காரணியை, தேடுங்கள். இஷ்டத்துக்கு நாடு பொறுக்குவது இதோடு நின்றது.

ஆவணக்கிடங்கு: எங்கே நின்றது? மாடலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. முக்கியமான மாறி ஒன்று விட்டுப்போயிருந்தால் எச்சங்களை, அதாவது நாடுகள் கோட்டிலிருந்து விலகும் அளவை, நம்ப முடியாது. கோட்டின்மேல் நிற்கும் நாடு தற்செயலாக அங்கே நிற்கலாம். ரோல்ஃபிங் 2008-லேயே இதை எழுதிவிட்டார்.

எச்சக்கணக்கு: கட்டுப்பாட்டு மாறிகளை (கூடவே சேர்க்கும் மற்ற காரணிகளை) மாற்றி ஐந்தாறு தடவை ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் கோட்டருகே நிற்கிற நாட்டை மட்டும் எடுங்கள்.

ஆவணக்கிடங்கு: ஆறிலும் இல்லாத மாறியை அது எப்படிப் பிடிக்கும்? உள்நாட்டுப் போரையே எடுங்கள். ஃபியரனும் லைட்டினும் 2003-இல் 1945 முதல் 1999 வரையிலான 127 போர்களைப் பார்த்தார்கள். தலா வருமானம் குறைந்தால் போர் அபாயம் கூடுகிறது. அதை அரசின் பலவீனம் என்று படித்தார்கள். காலியரும் ஹோஃப்லரும் அதே வருமானத்தை, ஏழை இளைஞன் கிளர்ச்சியில் சேர்ந்தால் இழப்பதற்கு அதிகமில்லை என்று படித்தார்கள். ரிக்ரஷன் வருமானத்துக்குத் தரும் எண், அந்தக் கெழு, இரண்டு கதைக்கும் இடம் கொடுக்கிறது.

குலுக்கல்சீட்டு: அந்த இடத்தில்தான் நாட்டாய்வுக்கு வேலை, தடயத்தை முன்கூட்டியே எடைபோட்டால். போருக்கு முன்பே உட்பகுதிக் காவல் நிலையங்கள் கைவிடப்பட்டதாக ஒரு நிர்வாக அறிக்கை என்று வைப்போம். அரசின் பலவீனமே காரணம் என்றால் அது கிடைக்க வாய்ப்பு 0.3, இல்லையென்றால் 0.03. தொடக்க நம்பிக்கை 0.5. கிடைத்தால் 0.91 ஆகிறது. கிடைக்காவிட்டால் 0.42, அவ்வளவுதான். பலர் இங்கேதான் சறுக்கி, ‘மறுத்தாயிற்று’ என்று எழுதிவிடுகிறார்கள். மறுப்பதற்கு, இருந்தே தீரவேண்டிய தடயம் வேண்டும்: அரசின் பலவீனமே காரணம் என்றால் கிடைக்க வாய்ப்பு 0.95, இல்லையென்றால் 0.5. அது இல்லையென்றால் நம்பிக்கை 0.09-க்கு விழும். எண்களை ஆவணம் திறக்குமுன் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் கை தானாகச் சாயும்.

ஆவணக்கிடங்கு: 0.03 எங்கிருந்து வந்தது? 0.15 என்று போட்டால் உங்கள் 0.91 வெறும் 0.67.

குலுக்கல்சீட்டு: அதைக் கேட்க முடிந்ததே எண் வெளியே இருப்பதால்தான். ‘வலுவான சான்று’ என்று எழுதியிருந்தால் எதைப் பிடித்து இழுத்திருப்பீர்கள்? நாட்டுத் தேர்வுக்கு நான் குலுக்கல் பக்கம். ஃபியரனும் லைட்டினுமே பின்னாளில் அதைத்தான் பரிந்துரைத்தார்கள்.

எச்சக்கணக்கு: மூன்று நாடுதான் படிக்க முடியும் என்கிறவருக்கு மூன்றும் பணக்கார, போரில்லா நாடுகளாக வந்தால்?

குலுக்கல்சீட்டு: பிரித்துக் குலுக்குங்கள். போர் நடந்தவை ஒரு பானை, நடக்காதவை ஒரு பானை.

ஆவணக்கிடங்கு: ஃபியரன், லைட்டின் கணக்கில் போர் என்றால் மொத்தம் குறைந்தது 1,000 சாவு, ஆண்டுக்குச் சராசரி 100. மதிப்பீடுகள் 900-க்கும் 1,300-க்கும் நடுவே ஆடுகிற நாட்டை எந்தப் பானையில் போடுவீர்கள்? அதைத் தீர்க்க முதலில் ஆவணத்தைத்தான் திறக்க வேண்டும்.