புதுப்பிப்பு: கேம்ஷாஃப்ட் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் ஓடிவிட்டது

கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாக கேம்) மாற்றியபின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இதே சிக்கலோடு பின்னால் தேடி வருபவர்களுக்காக நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கார்பரேட்டர் வைத்த பழைய வி8. புது கேம் போட்டபின் செல்ஃப் நன்றாகச் சுற்றியது, பெட்ரோல் வந்தது, ஸ்பார்க்கும் இருந்தது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. கார்பரேட்டர் வழியாகப் படார் படாரென்று வெடித்ததுதான் மிச்சம்.

'டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி தள்ளி இருக்கும்' என்று ஒருவர் சொன்னாரே, அதுவேதான். (டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பிரித்தனுப்பும் பாகம்.) கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் இணைக்கும் டைமிங் செயினின் பல்சக்கரங்களில் உள்ள புள்ளிகளை நேருக்கு நேர் வைத்தால் முதல் சிலிண்டர் ஃபயர் ஆகும் நிலை என்று நம்பிவிட்டேன். இந்த எஞ்சினில் அப்போது ஃபயர் ஆவது ஆறாவது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. முதல் பிஸ்டன் மேலே நின்றாலும் அது எக்ஸாஸ்ட் (புகையை வெளியே தள்ளுவது) முடிகிற நேரம். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் கோட்டைவிட்டேன்.

முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கிராங்க்கைக் கையால் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியதும், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வரும்போது, டைமிங் குறியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ரோட்டார் (அதனுள் சுழலும் முள்) முதல் சிலிண்டரின் ஒயரைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி இறக்கினேன். உடனே பிடித்துக்கொண்டது.

எதிர்பாராதது: ஓடியும் உதறல். நிறுத்திப் பார்த்தால் 5, 7-ஆவது சிலிண்டர்களின் பிளக் ஒயர்கள் இடம் மாறியிருந்தன!

இன்னொன்று, செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஃப்ளாட் டாப்பெட் கேமில் (உருளை இல்லாத, தட்டையான டாப்பெட்டுகள் உரசி ஓடும் வகை) பூசிய கிரீஸ் வழித்துக்கொண்டு போய்விடும். நான் மறுபடி பூசிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன். ஒயரைச் சரிசெய்த கையோடு, புது கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவதற்காக, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிடம் ஓடவிட்டேன். டாப்பெட் சத்தம் இல்லை.