12-க்கு 14 அடி ரூம், கீழ் வீட்டில் ஆள் இருக்காங்க: சீல்டு சப்பா, போர்ட்டட் சப்பா?

அல்சூர்வாசி
பெங்களூரு அல்சூரில் அடுக்குமாடி, இரண்டாவது மாடி. தியேட்டர் ரூம் 12-க்கு 14 அடி, உயரம் ஒன்பதரை. திரை 12 அடிச் சுவரில், சோஃபா எதிர்ச் சுவரை ஒட்டி. டெனான் ஏவிஆர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர்), புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்). மூலையில் இருக்கும் பழைய 8 இன்ச் சப் (பேஸ் ஒலிக்கான சப்வூஃபர்), எந்தப் படம் போட்டாலும் ஒரே சுருதியில் 'தும் தும்' என்கிறது. எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோவா (சீல்டு, மூடிய பெட்டி), பிபி-1000 ப்ரோவா (போர்ட்டட், துளை வைத்த பெட்டி)? கீழ் வீட்டில் வயதானவர்கள். சோஃபாவை ஒன்றரை அடி முன்னால் இழுக்கலாம், அதற்கு மேல் முடியாது.

கம்பிச்சுருள்
ஒரே சுருதி என்றால் பாதிக் குற்றம் ரூமுடையது. 343-ஐ (ஒலியின் வேகம், நொடிக்கு மீட்டர்) நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ரூம் தானாக முழங்கும் சுருதி வரும்: 14 அடிக்கு (4.27 மீட்டர்) 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. மூலையில் வைத்த சப் ரெண்டையும் சேர்த்துத் தட்டி எழுப்பும். சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு 40 முழுசா விழும். வாங்குவதற்கு முன்னால் சோஃபாவை இழுங்க, அதுக்குக் காசு இல்லை.

மாடலில் என் ஓட்டு எஸ்பி-க்கு. 12 இன்ச் சீல்டு, 325 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி). இந்த ரூமுக்கு அது தாராளம். சீல்டு கீழே போகப் போக ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்ற கணக்கில் மெதுவா இறங்கும். மூடிய சின்ன ரூம் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துடும். பிபி 20 ஹெர்ட்ஸ் பக்கம் கூடுதலா தள்ளும், ஆனா உங்க தளத்தைத் தாண்டிக் கீழே போறதும் முதலில் அந்தக் கூடுதல்தான்.

தாழ்வொலி
ஒரு திருத்தம். ஒன்றரை அடி இழுத்தால் 40 ஹெர்ட்ஸ் அரை டெசிபல்தான் குறையும், காதுக்கே தெரியாது. அதன் இரட்டிப்பான 80-ல் ரெண்டு டெசிபல் குறையும், அவ்வளவே.

அந்த இடைவெளிக்கு வேறு பயன் உண்டு. எஸ்பி-1000 ப்ரோவின் ஆழம் 15 இன்ச்சுக்குள். 18 இன்ச் இடைவெளியில் சோஃபாவுக்குப் பின்னால் உட்காரும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ரெண்டு வாங்கி, ஒன்றை முன் சுவரின் நடுவில், இன்னொன்றைப் பின் சுவரின் நடுவில் வையுங்க. எதிரெதிர் முனையில் ஒரே நேரத்தில் தள்ளும்போது நீளத்தின் 40 ஹெர்ட்ஸ் ஒன்றையொன்று அடித்துப் போகும். அகலத்தின் 47 நடுவில் இருந்தால் எழும்பாது. இந்த அடிப்படைச் சுருதிகளில் மிஞ்சுவது கூரை உயரத்தின் 59. அதை ஏவிஆரின் ஆடிஸி (மைக் வைத்து அளந்து ரூமுக்கு ஏற்பத் திருத்தும் வசதி) பார்த்துக்கும்.

இன்னொன்று: 'போர்ட்டட் மந்தம், சீல்டுதான் டைட்' என்பது கடைக்காரர் வசனம். மந்தமாகக் கேட்பது பெரும்பாலும் ரூமின் எதிரொலி. நான் எஸ்பி சொல்வது பெட்டி அளவுக்காகவும் கீழ் வீட்டுக்காகவும்.

அல்சூர்வாசி
ஏவிஆரில் ஒரே ஒரு சப் அவுட்தான் இருக்கு சார். கீழே அதிர்வு போகாமல் இருக்க ரப்பர் பேட் போதுமா?

தாழ்வொலி
ஒரு ஒய்-ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலை ரெண்டாகப் பிரிக்கும் வயர்) போதும். ரெண்டு சப்பிலும் கெய்ன் (ஒலி அளவு), ஃபேஸ் (அலையின் நேரப் பொருத்தம்) ஒரே அளவில் இருக்கணும். பின்னால் போகும் ஆர்சிஏ (சிக்னல்) வயரை கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீங்க.

பேட் போட்டால் பெட்டியின் உதறல் தரைக்கு இறங்காது, அது நல்லது. ஆனா 30 ஹெர்ட்ஸ் காற்று வழியாகவே கான்கிரீட் தளத்தை அசைக்கும், அதுக்குப் பேட் மருந்தில்லை. இரவு 10 மணிக்கு மேல் சப் லெவலை 6 டெசிபல் இறக்குங்க. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு தடவை அங்கே நின்று கேட்டுட்டு வந்தால் இன்னும் நல்லது.

கம்பிச்சுருள்
பொருத்தும்போது சறுக்கும் இடங்கள்: ஏவிஆரில் எல்லா ஸ்பீக்கரும் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (இதற்குக் கீழே உள்ளது சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ். சப்பில் லோபாஸ் வடிகட்டியை எல்எஃப்இ (வடிகட்டாத) நிலையில் வையுங்க; இல்லைன்னா ரெண்டு தடவை வடிகட்டி 80-ல் பள்ளம் விழும். ஆடிஸி முதலில் லெவல் கேட்கும்போது கெய்னைத் திருப்பி 75 டெசிபலுக்குக் கொண்டு வாங்க. முடிவில் சப் ட்ரிம் (ஏவிஆர் போட்ட லெவல் திருத்தம்) மைனஸ் 12 காட்டினால் அது அளவுகோலின் அடிமட்டம், நிஜ அளவு இல்லை. கெய்னைக் குறைத்து மறுபடி ஓட்டுங்க. டேப்பில் 8 அடி வரும் சப்புக்கு ஏவிஆர் 14 அடி என்று காட்டினால் திருத்தாதீங்க, சப்பின் உள்ளே இருக்கும் டிஎஸ்பி (சிக்னலைச் செயலாக்கும் சிப்) தாமதத்தையும் சேர்த்துத்தான் அது அளக்குது.

50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வந்தால் ஆர்சிஏ-வைப் பிடுங்கிப் பாருங்க. நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப் (எர்த் ரெண்டு வழியில் இணைவதால் வரும் இரைச்சல்). செட்-டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றினால் பெரும்பாலும் பிடிபடும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீங்க.